நின்றாலும் ஓடும் செலவு: காரின் விலையும் கடனும் வரியும்

கார் வாங்க ஆகும் பணம் வேறு. காரை வைத்திருக்க ஆகும் பணம் வேறு. முதலாவது ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது, வண்டி வாசலில் நிற்கும் காலமெல்லாம் சிறுகச் சிறுகக் கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பம் கார் வாங்கும்போது விலையும் கடனும் வரியும் அதன் வருமானத்தை எப்படித் தொடுகின்றன என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

கார் வைத்திருப்பவரிடம் செலவு என்ன என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் என்ன? "மாசம் இவ்வளவு பெட்ரோல், இவ்வளவு டியூ." இந்தப் பதில் முழுக் கணக்கில் ஒரு பகுதிதான். வரி எங்கே? இன்சூரன்ஸ் எங்கே? ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும் வண்டியின் மதிப்பு எங்கே? இவை எல்லாவற்றையும் கூட்டி, ஓடிய தூரத்தால் வகுத்தால் வரும் தொகைதான் உண்மையான செலவு. அதாவது, ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தபின் வாங்குபவர் ஏமாறமாட்டார்.

கணக்கு எளிதாக இருக்க, ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்ளலாம். நீளம் நான்கு மீட்டருக்குள். எஞ்சின் 1,200 சி.சி.க்குள், ஷோரூம் விலை 8 லட்சம் ரூபாய். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இந்த விலை. ஆனால் வண்டி தெருவுக்கு வரும்போது கட்ட வேண்டிய விலைக்கு ஆன்-ரோடு விலை என்று பெயர். சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் எல்லாம் சேர்ந்து அது ஏறக்குறைய 9,50,000 ரூபாய் ஆகிறது. கூடுதலான இந்த ஒன்றரை லட்சம் எங்கே போகிறது? அதற்கும் முன்னால், அந்த 8 லட்சத்துக்குள்ளேயே எவ்வளவு வரி ஒளிந்திருக்கிறது?

முதல் வரி, சரக்கு மற்றும் சேவை வரி. 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி.யில் கார்களுக்கு 28 சதவீத வரியும், அதன்மேல் வண்டியின் வகையைப் பொறுத்து இழப்பீட்டு மேல்வரியும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த முறை மாறியது. நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்டு, பெட்ரோலாயின் 1,200 சி.சி.க்குள்ளும் டீசலாயின் 1,500 சி.சி.க்குள்ளும் இருக்கும் சிறிய கார்களுக்கு 18 சதவீதம். அந்த அளவைத் தாண்டிய பெரிய கார்களுக்கு 40 சதவீதம். மேல்வரி எடுக்கப்பட்டுவிட்டது. மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம்.

எடுத்துக்கொண்ட காரின் 8 லட்சத்தைப் பிரித்தால், வண்டியின் சொந்த மதிப்பு ஏறக்குறைய 6,78,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 1,22,000 ரூபாய். இந்த வரியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. எந்த மாநிலத்துக்கு? கார் செய்யப்பட்ட மாநிலத்துக்கு அல்ல, அது விற்பனையாகிப் பயன்படும் மாநிலத்துக்கு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் உருவாகும் ஹூண்டாய் கார் உத்தரப் பிரதேசத்தில் விற்பனையானால், மாநிலப் பங்கு உத்தரப் பிரதேசத்துக்குப் போகும். நுகரும் இடத்தில் வரி என்பதே ஜி.எஸ்.டி.யின் அடிப்படை.

இரண்டாவது வரி, சாலை வரி. வாகனங்கள்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் மாநிலங்களிடம் கொடுத்திருக்கிறது. அதனால்தான் ஒரே காருக்குச் சென்னையில் ஒரு விலை, பெங்களூரில் ஒரு விலை, புதுச்சேரியில் இன்னொரு விலை. தமிழ்நாட்டில் 1974-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வரிச் சட்டத்தின்கீழ், சொந்தக் காருக்கு வாழ்நாள் வரி ஒரே தவணையில் வாங்கப்படுகிறது. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதங்கள் இவை: 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். எடுத்துக்காட்டுக் காருக்கு 13 சதவீதம் என்றால் 1,04,000 ரூபாய்.

இந்தப் படிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 9,99,000 ரூபாய் விலையுள்ள காருக்கு 13 சதவீத வரி 1,29,870 ரூபாய். 10,01,000 ரூபாய் விலையுள்ள காருக்கு 18 சதவீத வரி 1,80,180 ரூபாய். விலையில் வேறுபாடு 2,000 ரூபாய். வரியில் வேறுபாடு 50,000 ரூபாய்க்கு மேல்! சன்ரூஃபுக்கோ பெரிய திரைக்கோ ஆசைப்பட்டு அடுத்த மாடலுக்குத் தாவும்போது, அந்த வசதியின் விலையோடு இந்த வரியையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு விற்பவரே 1 சதவீதம் வருமான வரியும் பிடிக்கிறார். ஆனால் அது இழப்பு அல்ல. வாங்கியவரின் பான் எண்ணில் வரவாகிவிடும். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம். கணக்குத் தாக்கல் செய்யாதவருக்குத்தான் அது போன பணம்.

பெரிய காரின் கதை என்ன? சொந்த மதிப்பு 10 லட்சம் உள்ள, 40 சதவீத வரம்பில் வரும் கார் ஒன்று. ஜி.எஸ்.டி. 4 லட்சம்; ஷோரூம் விலை 14 லட்சம். அதன்மேல் 18 சதவீதச் சாலை வரி 2,52,000 ரூபாய். 10 லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு 6,52,000 ரூபாய் வரி! சாலை வரி, ஜி.எஸ்.டி. சேர்ந்த விலைமீது கணக்கிடப்படும்போது வரிமீதும் வரி விழுகிறது.

இந்தச் சுமையைத் தவிர்க்கச் சிலர் வரி குறைந்த புதுச்சேரியில் வண்டியைப் பதிவு செய்து, தமிழ்நாட்டில் ஓட்டுகிறார்கள். இது எவ்வளவு காலம் நிற்கும்? ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால், அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இல்லாத முகவரியைக் காட்டிப் பதிவு செய்வதோ குற்றம். வரியில் மிச்சம் என்று நினைத்தது வழக்காகத் திரும்பி வரும்.

மூன்றாவது, இன்சூரன்ஸ். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் பொதுச் சாலைக்கு வரக்கூடாது. வந்தால் முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல், புதிய காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த ஆண்டுக் கட்டணம் 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய்; 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்குமேல் 7,897 ரூபாய். இந்தக் காப்பீடு, விபத்தில் அடிபட்டவருக்கோ இறந்தவர் குடும்பத்துக்கோ இழப்பீடு தருவது. ஓட்டியவரின் சொந்த வண்டி நசுங்கினால் ஒரு ரூபாயும் தராது. சொந்த வண்டிக்கு வேண்டியது சொந்தச் சேதக் காப்பீடு. அதுவே முழுக் காப்பீட்டின் பெரும்பகுதிச் செலவு.

சொந்தச் சேதத்தில் நிறுவனம் எவ்வளவு தரும்? பாலிசியில் ஐ.டி.வி. என்று குறித்திருக்கும் மதிப்புதான் எல்லை. அது ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் குறைகிறது, ஓராண்டுக்குள் 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50. இது காப்பீட்டுக் கணக்கு மட்டுமா? வண்டி எப்படித் தேய்கிறது என்பதற்கு எல்லோருக்கும் கிடைக்கும் தோராய அட்டவணையும் இதுவே.

பழுதுபார்க்கும்போது பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலை மட்டுமே கிடைக்கும். அந்தக் கழிவு வேண்டாம் என்றால், பம்பர் டு பம்பர் என்று பேச்சுவழக்கில் சொல்லும் கூடுதல் பாலிசியை எடுக்க வேண்டும். டீலரிடமே இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெளியே விலை கேட்டு ஒப்பிடுவது வாங்குபவரின் உரிமை.

கிளெய்ம் செய்யாத ஓட்டுநருக்கு ஒரு பரிசும் உண்டு. கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பின் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டுக்குப் பின் 50 சதவீதம் என்று சொந்தச் சேதக் கட்டணத்தில் தள்ளுபடி வளர்கிறது. இதற்கு நோ கிளெய்ம் போனஸ் என்று பெயர். ஒரு கிளெய்ம் செய்தால் அந்தத் தள்ளுபடி முழுவதும் போய்விடும். தள்ளுபடிக்கு முன் கட்டணம் 16,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 6,000 ரூபாய் பம்பர் கீறலுக்கு கிளெய்ம் செய்பவர் அடுத்த ஆண்டே 8,000 ரூபாயை இழக்கிறார். சிறு கீறலுக்குக் கைக்காசு, பெரிய சேதத்துக்கு இன்சூரன்ஸ் என்பதே கணக்கறிந்தவர் வழி. இந்த போனஸ் வண்டியைச் சேர்ந்தது அல்ல, உரிமையாளரைச் சேர்ந்தது. பழைய காரை விற்றுவிட்டுப் புதிய கார் வாங்கினால் மூன்று ஆண்டுகளுக்குள் அதைப் புதிய பாலிசிக்குக் கொண்டுபோகலாம்.

வரியும் காப்பீடும் ஆயின. இனி கடன். கடன் வாங்காமல் கார் வாங்குபவர் எத்தனை பேர்? எடுத்துக்காட்டுக் குடும்பம் 1,50,000 ரூபாய் முன்பணம் கட்டி, 8 லட்சம் கடன் வாங்குகிறது. வட்டி 9 சதவீதம். காலம் ஐந்து ஆண்டு. மாதத் தவணை 16,607 ரூபாய். ஐந்து ஆண்டில் கட்டும் மொத்த வட்டி ஏறக்குறைய 1,96,000 ரூபாய். இதையே ஏழு ஆண்டாக நீட்டினால் தவணை 12,871 ரூபாயாக இறங்கும். மாதம் 3,700 ரூபாய் மிச்சம் என்று மனம் மகிழும். ஆனால் மொத்த வட்டி 2,81,000 ரூபாய்க்கு ஏறிவிடும். மாதத்தில் தெரியும் லாபம், ஆண்டுகளில் 85,000 ரூபாய் நஷ்டமாகிறது.

ஏழு ஆண்டுக் கடனில் இதைவிட ஆழமான ஆபத்து ஒன்று உண்டு. மூன்று ஆண்டு தவறாமல் தவணை கட்டிய பிறகும் நிலுவை ஏறக்குறைய 5,17,000 ரூபாய். அதே நேரத்தில் மூன்று ஆண்டு கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பு 40 சதவீதம் குறைந்து 4,80,000 ரூபாய். கடன், வண்டியின் மதிப்பைவிடப் பெரிது! அந்த நிலையில் வண்டி திருடு போனாலோ விபத்தில் முழுதும் நொறுங்கினாலோ, காப்பீட்டுத் தொகை வங்கிக்குப் போகும். குடும்பத்துக்குக் காரும் இல்லை, கடனும் தீரவில்லை. ஐந்து ஆண்டுக் கடனில் அதே மூன்றாம் ஆண்டு முடிவில் நிலுவை 3,64,000 ரூபாய்தான். வண்டியின் மதிப்பு கடனைவிட எப்போதும் மேலே இருக்க வேண்டும். தவணைக் காலத்தை முடிவுசெய்ய இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

வட்டி விகிதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. சில ஃபைனான்ஸ் நிறுவனங்கள், குறிப்பாகப் பழைய வண்டிக் கடனில், ஃப்ளாட் வட்டி சொல்லும். 6 சதவீத ஃப்ளாட் என்றால் மலிவாகத் தோன்றும். 8 லட்சத்துக்கு ஐந்து ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் வட்டி. தவணை 17,333 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு அசலுக்கே போடப்படுகிறது. குறையும் நிலுவைமீது கணக்கிட்டால் இது கிட்டத்தட்ட 10.8 சதவீத வட்டி. 6 சதவீதம் என்று சொன்னது, வங்கியின் 9 சதவீதத்தைவிட விலை கூடியது!

இந்த மயக்கத்தைத் தீர்க்கவே ரிசர்வ் வங்கி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர் சில்லறைக் கடன் எதுவானாலும் கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கொடுக்க வேண்டும். வட்டி, பிராசசிங் கட்டணம் முதலிய எல்லாம் சேர்ந்த ஆண்டுச் சதவீதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த ஒரே எண் போதும். கார் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பதால், முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் அங்கேயே பார்க்க வேண்டும்.

கடன் தீரும்வரை ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் அடைமானமாகப் பதிவாகியிருக்கும். தவணை தவறினால் வங்கிக்கு வண்டியை எடுக்கும் உரிமை உண்டு. ஆனால் அடியாட்களை ஏவி எடுக்கும் உரிமை இல்லை. சட்டப்படியான வழியில்தான் மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிந்ததா? இல்லை. வங்கியிடம் தடையின்மைச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவில் அடைமானத்தை நீக்க வேண்டும். நீக்காத வண்டியை எளிதில் விற்க முடியாது.

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இனி ஓட்டும் செலவு. மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் மைலேஜ், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு 800 லிட்டர், 80,000 ரூபாய். இதில் எண்ணெயின் விலை எவ்வளவு, வரி எவ்வளவு? பெட்ரோலும் டீசலும் இன்றுவரை ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கின்றன. மத்திய அரசு லிட்டருக்கு இவ்வளவு என்று கலால் வரி வாங்குகிறது. தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு 13 சதவீதமும், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் மதிப்புக்கூட்டு வரி வாங்குகிறது. 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபின் வந்த விகிதம் இது. 2025-இல் சென்னையில் 100 ரூபாய்க்குச் சற்று மேல் விற்ற பெட்ரோலில், இரு அரசுகளின் வரியும் சேர்ந்து 40 ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 800 லிட்டர் போடும் குடும்பம் பம்பில் மட்டும் 32,000 ரூபாய்க்கு மேல் வரி கட்டுகிறது. ரசீதில் வரி தனியாகத் தெரிவதில்லை. அதனால் கட்டுபவருக்கும் தெரிவதில்லை.

சாலைக்கு வாழ்நாள் வரி கட்டிய பிறகும் பரனூரிலும் விக்கிரவாண்டியிலும் சுங்கம் ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வி தமிழ்நாட்டில் அடிக்கடி எழுகிறது. சாலை வரி மாநில அரசின் பொது வருவாய். சுங்கக் கட்டணமோ தேசிய நெடுஞ்சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். ஒன்று கட்டியதால் மற்றொன்று நீங்குவதில்லை. அடிக்கடி நெடுஞ்சாலையில் போகும் சொந்தக் கார்களுக்காக 2025 ஆகஸ்டு 15 அன்று ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் வந்தது. தொடக்கக் கட்டணம் 3,000 ரூபாய்; 200 தடவை அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊருக்குப் போகிறவருக்கு இது தேவைப்படாது. வாரந்தோறும் போகிறவருக்குப் பெரிய சேமிப்பு.

இப்போது எல்லாவற்றையும் கூட்டும் நேரம். ஐந்து ஆண்டு வைத்திருந்து, வண்டியை 4 லட்சத்துக்கு விற்பதாகக் கொள்ளலாம். இன்சூரன்ஸ் நீங்கலாக வாங்க ஆனது 9,10,000, விற்று வந்தது 4,00,000, தேய்ந்தது 5,10,000. ஆண்டுக்கு 1,02,000 ரூபாய். கடன் வட்டி ஆண்டுக்கு 39,000. இன்சூரன்ஸ் சராசரி 25,000. சர்வீஸ், டயர், பேட்டரிக்கு 20,000. சுங்கம், பார்க்கிங், கழுவும் செலவு 15,000. பெட்ரோல் 80,000. மொத்தம் ஆண்டுக்கு 2,81,000 ரூபாய்; மாதம் 23,400 ரூபாய்.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு? 23 ரூபாய் 40 காசு! பெட்ரோல் மட்டும் என்று எண்ணியிருந்தால் 6 ரூபாய் 70 காசு. எண்ணியதற்கும் உண்மைக்கும் மூன்றரை மடங்கு வேறுபாடு. பெட்ரோல் பங்க்கில் கொடுக்கும் பணம் எரிச்சலூட்டுகிறது. ஆனால் அது மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. யாரும் கையில் வாங்கிக்கொண்டு போகாத தேய்மானமே எல்லாவற்றிலும் பெரிய செலவு.

இந்தக் கணக்கில் தேய்மானம், வட்டி, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்து 1,66,000 ரூபாய். வண்டி ஓடினாலும் இந்தச் செலவு. நின்றாலும் இந்தச் செலவு. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஆகவே ஓட்டம் குறையக் குறைய ஒவ்வொரு கிலோமீட்டரும் விலை ஏறுகிறது. ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குக் கிலோமீட்டருக்கு 16 ரூபாய் 50 காசு. 12,000 ஓட்டுபவருக்கு 23 ரூபாய் 40 காசு. 6,000 மட்டும் ஓட்டுபவருக்கு 37 ரூபாய்க்கு மேல். வார இறுதியில் மட்டும் வண்டியை எடுக்கும் குடும்பம், தேவைப்படும்போது வாடகைக் காரை அழைத்தால் ஆகும் செலவை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? வயதான பெற்றோர், கைக்குழந்தை, இரவு நேர அவசரம் என்று காருக்குப் பணத்தில் அளக்க முடியாத காரணங்களும் உண்டு. அந்தக் காரணங்களுக்காக எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதே நல்லது.

செலவைக் குறைக்க வழி உண்டா? உண்டு. முதல் வழி, பழைய வண்டி. முதல் ஐந்து ஆண்டின் பெருந்தேய்மானத்தை வேறொருவர் சுமந்துவிட்டார். சாலை வரியும் அவர் கட்டியது. தனிநபரிடமிருந்து தனிநபர் வாங்கும் பழைய காருக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பதிவு பெற்ற வியாபாரி விற்றால், 2025 ஜனவரி முதல், அவருடைய லாபத்தொகைமீது 18 சதவீதம். பதினைந்து ஆண்டு முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய். இருபது ஆண்டைத் தாண்டினால் 2025 ஆகஸ்டு முதல் 10,000 ரூபாய். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. ஆகவே வயதும் பார்த்தே வாங்க வேண்டும்.

இரண்டாம் வழி, மின்சாரக் கார். 5 சதவீத ஜி.எஸ்.டி.; மூன்றாம் நபர் காப்பீட்டில் 15 சதவீதத் தள்ளுபடி; சாலை வரியில் தமிழ்நாடு அளித்துவந்திருக்கும் முழு விலக்கு. யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர், யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால், 12,000 கிலோமீட்டருக்கு 20,000 ரூபாய் மின்சாரம். பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 60,000 மிச்சம். ஆனால் வாங்கும் விலை கூடுதல். விற்கும்போது பேட்டரியின் நிலை விலையை முடிவுசெய்யும். எனவே இது நிறைய ஓட்டுபவருக்கு லாபம். குறைவாக ஓட்டுபவருக்கு அந்த லாபம் கைக்கு வர நெடுங்காலம் ஆகும்.

கடைசியாக, வருமான வரி. மாதச் சம்பளக்காரர் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய காரின் தேய்மானத்தையோ வட்டியையோ வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. மின்சாரக் கார் கடனுக்கு மட்டும், 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு, பழைய வரி முறையில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை வட்டிக் கழிவு தரப்பட்டது. அலுவலகம் கொடுக்கும் காரில் சொந்த வேலையும் செய்தால், எஞ்சின் அளவைப் பொறுத்து மாதத்துக்கு ஒரு தொகை சம்பளத்தோடு சேர்க்கப்பட்டு வரி விழும்.

தொழில் செய்பவருக்குக் கழிவு உண்டு. தொழிலுக்குப் பயன்படும் பெட்ரோல், டீசல் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம், குறையும் மதிப்பின்மீது, தேய்மானக் கழிவு. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு 30 சதவீதம். மின்சாரக் காருக்கு 40 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதி மட்டுமே. 8 லட்சம் ரூபாய்க் காருக்கு முதல் ஆண்டுக் கழிவு 1,20,000. அடுத்த ஆண்டு 1,02,000. குடும்பத்துக்கும் அதே காரை ஓட்டினால் அந்த அளவுக்குக் கழிவு குறையும். காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரி வரவாக எடுப்பது சாதாரணக் கடைக்காரருக்கோ மருத்துவருக்கோ முடியாது. கார் வியாபாரி, பயணிகளை ஏற்றிச் செல்லும் தொழில் செய்பவர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி போன்றோருக்கே முடியும். "வரி மிச்சமாகும், கார் வாங்குங்கள்" என்ற அறிவுரையை எடைபோட இந்த எண்கள் உதவும். 30 சதவீத வரி கட்டுபவருக்கு 1,20,000 ரூபாய்க் கழிவு தரும் வரி மிச்சம் 36,000 ரூபாய். மீதி 84,000 ரூபாய் அவருடைய சொந்தச் செலவுதான். தேவைக்கு வாங்கினால் கழிவு ஓர் உதவி. கழிவுக்காகவே வாங்கினால் நஷ்டம்.

காரை விற்கும்போது என்ன வரி? சொந்த உபயோகக் காரை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. அது தனிப்பட்ட உபயோகப் பொருளாகக் கருதப்படுகிறது. ஆனால் பணம் வாங்கிச் சாவியைக் கொடுத்ததோடு பொறுப்பு நீங்காது. 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டு, அதே மாநிலத்துக்குள் விற்றால் பதினான்கு நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாமல் இருக்கும்போது விபத்து நேர்ந்தால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே ஆர்.சி.யில் பெயர் மாறியதை உறுதி செய்துகொண்டு, நோ கிளெய்ம் போனஸ் கடிதத்தையும் வாங்கி வைத்த பிறகே அந்தக் காரின் கணக்கை மூடலாம்.